மூணாம் நம்பர் வண்டியின் சாப்பாட்டு மேஜை

எங்கள் கேரவன் கம்பெனியில் ஆள் சேர்ப்பது, வழியனுப்புவது இரண்டையும் பார்க்கிற ஷில்பா போன வாரம் போன் செய்தாள். "தனபால் அங்கிள், கம்பெனி நியூஸ்லெட்டருக்கு உங்க எக்ஸ்பீரியன்ஸ் ஒரு ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்க. ஆனா பாசிட்டிவ்வா இருக்கணும், சரியா?" என்றாள்.

பன்னிரண்டு வருஷம் அங்கே நான் பழகியதெல்லாம் உடைந்த கதவு, கழன்ற தாழ்ப்பாள், கிழிந்த மெத்தை. "டிராயர் அருமையாகத் திறக்கிறது, வந்து பாருங்கள்" என்று ஒரு கஸ்டமரும் என்னைக் கூப்பிட்டதில்லை. பாசிட்டிவ்வுக்கு நான் எங்கே போவேன்? இருந்தாலும் சரி என்றேன். ஓய்வு பெற்றவனுக்கு யாராவது ஏதாவது கேட்டாலே ஒரு சந்தோஷம்தான்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். அடுத்த மாதத்திலிருந்து பழுதுப் புத்தகம் கிடையாதாம். வண்டி எடுக்கிறவரே உள்பக்கத்தைப் போனில் படம் பிடித்து அனுப்புவார். திரும்பி வந்ததும் இன்னொரு படம். இரண்டையும் ஒப்பிட்டு எது உடைந்தது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். சொல்லட்டும். எது உடைந்தது என்பதற்குக் கண் போதும். யார் உடைத்தது என்று அது சொல்லுமா? அந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டு நான் திருதிருவென்று முழித்த கதையைத்தான் எழுதப்போகிறேன். ஷில்பா இதைப் போடமாட்டாள். நன்றாகவே தெரியும்.

கேரவன் என்றதும் நடிகர்கள் மேக்கப் போடுகிற வண்டியை நினைத்துவிட வேண்டாம். எங்களுடையது குடும்பங்கள் ஊர் சுற்ற எடுத்துப்போகிற வண்டி. டிரைவரோடு சேர்த்து வாடகைக்கு விடுவோம். குடகு, ஊட்டி, ஹம்பி என்று போய்விட்டு நாலைந்து நாளில் சந்தாபுராவில் இருக்கிற எங்கள் ஷெட்டுக்குத் திரும்பும். உள்ளே இரண்டு கட்டில், ஒரு சாப்பாட்டு மேஜை, அடுப்பு, தொட்டி, தலைக்கு மேலே வரிசையாக அலமாரி, ஓரத்தில் கக்கூஸ். நான் பிறந்து வளர்ந்த ஸ்ரீராம்புரம் வீடும் ஏறக்குறைய அதே அளவுதான். அந்த வீட்டில் ஏழு பேர் இருந்தோம், ஒன்றும் உடையவில்லை. இந்த வண்டியில் நாலு பேர் மூன்று நாள் இருந்தால் ஆறு சாமான் உடைகிறது. வீடு நகரவில்லை, வண்டி நகர்கிறது, அதுதான் வித்தியாசம் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, டூர் கிளம்பின மனுஷனுக்கே கையில் ஒரு முரட்டுத்தனம் வந்துவிடுகிறது.

ஒரு குடும்பம் புறப்படும்போது பூசணிக்காய் உடைத்தார்கள். எங்கே என்று நினைக்கிறீர்கள்? வண்டிக்கு உள்ளே. தேங்காயைப் படிக்கட்டு விளிம்பில் உடைத்தார்கள், விளிம்பும் சேர்ந்து உடைந்தது. இன்னொரு வீட்டம்மா வெளி ஊர் மாவில் இட்லி சரியாக வராது என்று கிரைண்டரையே கொண்டுவந்து தலைக்கு மேல் அலமாரியில் ஏற்றிவிட்டார். கல்லோடு. மடிகேரிக்கு முன்னாலேயே அது கீழே இறங்கிவிட்டது. நல்லவேளை, கீழே தலையணைகள்தான் இருந்தன. ஒரு பெரியவர் சிட்டி பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற பழக்கத்தில் அலமாரிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே மைசூர் வரை நின்றுகொண்டு போயிருக்கிறார். உட்கார எட்டு இடம் இருந்தது.

இவர்கள் எல்லோரும் திரும்பி வந்ததும் ஒரே பாட்டுத்தான்: "தானா கழண்டுடுச்சு." கதவு தானாகக் கழன்றது, குழாய் தானாக முறிந்தது. கக்கூஸ் மூடியை ஒருமுறை இரண்டாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். அதுவும் தானாகத்தான். எங்கள் வண்டிகளுக்கு அப்படியொரு உயிர் இருந்தது.

நான் இந்த வேலைக்கு வருமுன் இருபது வருஷத்துக்கு மேல் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் இருந்தேன். அங்கே படித்த படிப்பை ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: ஆடக்கூடாது. சீட் போட்டு முடித்தால் ஃபோர்மேன் வந்து காலால் எட்டி உதைப்பார். ஆடினால் அடுத்த உதை யாருக்கு என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் ஒரு ஸ்க்ரூ போதும் என்கிற இடத்தில் மூன்று போடுவேன். ஸ்க்ரூ போதும் என்கிற இடத்தில் போல்ட் போடுவேன். "தனபால் கை வெச்சா பூகம்பத்துக்குக்கூட ஆடாது" என்று பட்டறையில் பேச்சு. அந்தப் பேச்சைப் பரப்பினவனும் நான்தான், அதை ஒத்துக்கொள்கிறேன்.

கேரவன் ஷெட்டுக்குத் தலைவி ருக்மிணி மேடம். அவருடைய அப்பாவும் தாத்தாவும் மைசூர் அரசாங்க வேலையில் இருந்த பழைய தமிழ்க் குடும்பம். அவர் அரசு பஸ் டிப்போவில் பழுதுப் பிரிவைப் பார்த்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இங்கே வந்தவர். பருத்திப் புடவை, கான்வாஸ் ஷூ, கையில் ஒரு மடக்கு ஸ்டூல். குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. நாம் எதைச் சொன்னாலும் கன்னடத்தில் ஒரே ஒரு வார்த்தை கேட்பார்: "ஹௌதா?" அப்படியா, அவ்வளவுதான் அர்த்தம். கேட்டுவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருப்பதைத் தாங்க முடியாது. பொய் சொன்னவன் இன்னும் இரண்டு பொய் சேர்த்துச் சொல்லுவான், அதில் ஒன்று முதல் பொய்யின் காலை வாரிவிடும். கிரைண்டர் வீட்டம்மா மூன்றாவது ஹௌதாவில் கண்ணீர் விட்டார்.

வண்டி திரும்பினால் பார்ப்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் வாசலில் நின்று மூக்கால் பார்க்க வேண்டும். கேஸ் கசிவும் தொட்டி அடைப்பும் அதிலேயே தெரிந்துவிடும். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடக்க வேண்டும், தரை எங்காவது நனைந்து உப்பியிருந்தால் பாதம் சொல்லும். ஒவ்வொரு கதவையும் மூன்று முறை திறந்து மூட வேண்டும். முதல் முறை வேகமாக, இரண்டாவது மெதுவாக, மூன்றாவது கண்ணை மூடிக்கொண்டு சத்தத்துக்காக. எல்லா இருக்கையிலும் உட்கார்ந்து எழ வேண்டும். கடைசியில்தான் உடைந்த சாமானைத் தொடலாம். அதையும் அவர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, உடைந்ததை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் பார்ப்பார். "உடைஞ்சதுதான் உடைஞ்சுபோச்சே. பக்கத்துல இருக்கிறது ஏன் உடையலைன்னு பாருங்க தனபால்" என்பார். நானும் ரொம்ப நாள் பார்ப்பது மாதிரி பாவனை செய்தேன்.

பார்த்ததையெல்லாம் பழுதுப் புத்தகத்தில் எழுத வேண்டும். நீளமான நோட்டு. உடைந்த பொருள், எங்கே, எப்படி, காரணம் என்று நாலு கட்டம். நாலாவது கட்டம்தான் வில்லங்கம்.

மற்ற வண்டிகளெல்லாம் உள்பக்கத்தோடு தயாராக வெளியிலிருந்து வந்தவை. மூணாம் நம்பர் மட்டும் எங்கள் ஷெட்டிலேயே கட்டினது. ஒரு மினி லாரியின் சேசிஸ், அதாவது சக்கரங்களைத் தாங்குகிற அடிச்சட்டம், அதன்மேல் பெட்டி மாதிரி மெல்லிய பலகைச் சுவர். உள்ளே ஒவ்வொரு ஆணியும் என் கை. மற்ற வண்டிகளில் சாப்பாட்டு மேஜை சுவரில் ஒரு கொக்கியில் தொங்கிக்கொண்டு கடகடவென்று ஆடும். அதைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வரும். என் மேஜை அப்படியா? ஒரு பக்கம் சுவரோடு ஸ்க்ரூ, மறுபக்கம் இரும்புக் கால் தரையோடு போல்ட். அதன்மேல் ஏறி நின்று குதித்துக் காட்டினேன். மேடம் பார்த்துவிட்டு "ஹௌதா?" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வண்டிக்கு டிரைவராக வந்தவன் சேகர், என் மனைவி கனகாவின் தம்பி. ஒரு ஸ்கூல் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். ஸ்கூலில் பஸ்ஸைக் குறைத்தபோது வேலை போய் எட்டு மாதம் வீட்டிலிருந்தான். நான்தான் மேடத்திடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அத்திபெலேயில் பெண் அமைந்தது. கேரவன் ஓட்டுகிற மாப்பிள்ளை என்றால் சினிமாக்காரர்கள் எல்லோரும் கல்யாணத்துக்கு வருவார்கள் என்று பெண்ணின் அப்பா நம்பிக்கொண்டிருந்தார். சேகரும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. மனுஷன் கெட்டிக்காரன்.

மூணாம் நம்பர் முதல் முறை சிக்மகளூர் போய்த் திரும்பியது. மேஜை சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு நின்றது. ஸ்க்ரூக்கள் பல் பிடுங்கினது போல வெளியே வந்திருந்தன. பெரிய ஸ்க்ரூ போட்டேன். அடுத்த முறை ஸ்க்ரூ நின்றது, அதைச் சுற்றியிருந்த பலகை பிய்ந்து வந்தது. சுவரின் உள்ளே இரும்புப் பட்டை வைத்து, இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வருகிற நீள போல்ட் போட்டேன். மூன்றாவது முறை சுவர்ப் பக்கம் மலை மாதிரி நின்றது. தரையில் இருந்த காலின் பாதம் விரிசல் விட்டுவிட்டது.

மூன்று முறையும் வந்த குடும்பங்கள் "தானா உடைஞ்சுது" என்றார்கள். நான் நம்பவில்லை. மூன்று முறையும் ஓட்டினவன் ஒருவனே. சேகர் என் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு போனால் ஸ்ரீராம்புரம் சந்துகளில் வேகத்தடைக்குப் போட்ட ஹம்ப் மேல் பறப்பான், அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வேறென்ன சாட்சி வேண்டும்? பழுதுப் புத்தகத்தில் நாலாவது கட்டத்தில் "டிரைவர்" என்று எழுதினேன். இரண்டாம் முறையும் எழுதினேன். மூன்றாம் முறை கொஞ்சம் அழகான கையெழுத்தில் எழுதினேன்.

இதில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எழுதும்போது எனக்கு வருத்தமாக இல்லை, நிம்மதியாக இருந்தது. என் மேஜையின்மேல் குற்றமில்லை என்று ஆனதில் அவ்வளவு நிம்மதி. அவன் வேலை என்ன ஆகும் என்று அந்த நேரம் தோன்றவே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முதலாளி இந்திரா நகர் ஆபீசில் இருப்பவர், ஷெட்டுப் பக்கம் வரமாட்டார். பழுதுப் புத்தகத்தின் நகல் மட்டும் அவருக்குப் போகும். மூன்று முறை "டிரைவர்" என்று பார்த்ததும் சேகரை நிறுத்திவிடச் சொல்லிவிட்டார். மேடம் மூன்று நாள் அவகாசம் கேட்டு வாங்கினார். நிச்சயதார்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. வேலை போன மாப்பிள்ளைக்கு அத்திபெலேக்காரர் பெண் கொடுப்பாரா என்று யாரும் கேட்கக்கூட வேண்டியதில்லை.

வீட்டில் கனகா என்னைப் பிடித்துக்கொண்டாள். "என் தம்பி மேல யாரு இப்படி எழுதினது?"

"ஆபீஸ்ல எழுதுறதுதான்" என்றேன். அது பொய்யும் இல்லை.

மறுநாள் காலையில் மேடம் என்னைக் கூப்பிட்டார். ஸ்டூல் மூணாம் நம்பருக்குள் போட்டிருந்தது. மேஜையைப் பார்க்காமல் அடுப்புக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிரைவர் ஹம்ப் மேல குதிச்சுக் குதிச்சு ஓட்டுறார், அதான் உடையுது. அப்படித்தானே தனபால்?"

"ஆமா மேடம்."

"ஹௌதா? இந்தக் கண்ணாடி ஏன் உடையலை?"

நான் கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை.

"அந்தச் சிக்மகளூர் பார்ட்டிக்குப் போன் பண்ணேன். ரெண்டு டிரே முட்டை கொண்டுபோனாங்களாம். ஒண்ணுகூட விரிசல் விடலையாம். முட்டை தாங்கின குலுக்கலை உங்க இரும்புக் கால் தாங்கலையா?"

"மேடம், முட்டை வேற..." என்று ஆரம்பித்தேன். முட்டை எப்படி வேறு என்று எனக்கே தெரியவில்லை, அதனால் அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

"மேஜையைச் சரி பண்ணுங்க. நாளைக்கு சேகரையும் சேர்த்து நாம மூணு பேரும் ஒரு ரவுண்டு போலாம்."

அன்று நான் செய்த காரியத்தை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன். காலின் பாதத்துக்கு நாலு போல்ட் இருந்த இடத்தில் எட்டு போட்டேன். என் மேஜை ஆடாது என்பதை மேடத்துக்குக் காட்டிவிட வேண்டும் என்ற வெறி. அது ஆடாமல் நின்றால் சேகர்தான் குற்றவாளி என்று ஆகும் என்பதைக் கணக்கில் எடுக்கவேயில்லை. எட்டாவது போல்ட்டை முறுக்கும்போது மூச்சு வாங்கியது. அத்தனை கர்வம்.

மறுநாள் மேடம் ஒரு பேப்பர் டேப் ரோல் கொண்டுவந்தார். மேஜையும் சுவரும் சேருகிற இடம், காலும் தரையும் சேருகிற இடம், அலமாரிகளின் மூலைகள் என்று ஒவ்வொரு இணைப்பின் குறுக்கேயும் ஒரு விரல் நீளத்துக்கு டேப்பை ஒட்டச் சொன்னார். இணைப்பு அசைந்தால் டேப் கிழியும், எது முதலில் கிழிகிறது என்று பார்க்க வேண்டும். முன்னால் டிரைவர் பக்கத்தில் அவர் உட்கார்ந்தார். டேஷ்போர்டு மேல் ஒரு எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீர். பின்னால் மேஜையருகே நான். என் வேலை டேப்பை விட்டுக் கண்ணெடுக்காமல் இருப்பது.

ஆனேக்கல் ரோட்டில் ஹம்ப்களுக்குப் பஞ்சமில்லை. முதல் ஹம்ப் வந்தது. சேகர் தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் மாற்றுகிற மாதிரி வண்டியை ஏற்றி இறக்கினான். டேப் அப்படியே இருந்தது. இரண்டாவது, மூன்றாவது, பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். முன்னாலிருந்து மேடத்தின் குரல் வந்தது: "தண்ணி ஒரு சொட்டு சிந்தலை தனபால்."

"டம்ளர் வெச்சா எல்லாரும் நல்லாத்தான் ஓட்டுவாங்க மேடம்" என்றேன். அந்தக் கேலி எனக்கே ருசிக்கவில்லை.

அத்திபெலே வரை போய்த் திரும்பினோம். மேஜை கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றது. எனக்கு உள்ளுக்குள் குதூகலம். வரும் வழியில் டீசல் போட ஒரு பங்க்குக்குள் திரும்பச் சொன்னார் மேடம். ரோட்டுக்கும் பங்க்குக்கும் நடுவில் சாக்கடை மேல் சிமென்ட் பலகை மேடாகப் போட்டிருந்தது. அதன்மேல் கோணலாகத்தான் ஏற முடியும். சேகர் எறும்புக்கு வழிவிடுகிற வேகத்தில் ஏறினான். இடது முன்சக்கரம் பலகை மேல், வலது பின்சக்கரம் இன்னும் ரோட்டுப் பள்ளத்தில்.

டக்.

சத்தம் ரொம்பச் சின்னதுதான். சுவர்ப் பக்கத்து டேப் நடுவில் கிழிந்து நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலடியில் இருந்த டேப்பும் கிழிந்தது. ஹம்ப் இல்லை, வேகம் இல்லை, குலுக்கல் இல்லை. வண்டி நின்ற மாதிரிதான் இருந்தது.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். புது டேப் ஒன்றை எடுத்து ஒட்டிவிட எனக்கு அரை நிமிஷம் போதும். கை டேப் ரோலுக்குப் போனதும் உண்மை. அப்போது டிரைவருக்கு மேலிருந்த கண்ணாடியில் சேகரின் முகம் தெரிந்தது. பயந்துபோய், டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு மாதம் வேலையில்லாமல் என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்திருந்தபோது இருந்த அதே முகம்.

"மேடம், கிழிஞ்சிடுச்சு" என்றேன்.

"வண்டியை அப்படியே நிறுத்துங்க சேகர். ஒரு அடிகூட நகர வேணாம்" என்று சொல்லிவிட்டு மேடம் பின்னால் வந்தார், ஸ்டூலைப் போட்டார். "கால் போல்ட்டைக் கழட்டுங்க."

"இங்கேயா?"

"இங்கேதான்."

பங்க் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறோம். பின்னால் நாலு ஆட்டோ, ஒரு தண்ணீர் லாரி. ஹாரன் காதைப் பிளக்கிறது. "ஏன் குரு, மனே கட்தாயித்தீரா?" என்று ஒரு ஆட்டோக்காரர், இங்கேயே வீடு கட்டுகிறீர்களா என்று, கத்துகிறார். நான் குனிந்து எட்டு போல்ட்டைக் கழற்றுகிறேன். மேடம் எண்ணிக்கொண்டிருக்கிறார். ஐந்தாவதில் "எட்டா?" என்றார். எட்டாவது போல்ட் வெளியே வந்ததும் இரும்புக் கால் தானாகவே அரை விரல் அளவுக்குப் பக்கவாட்டில் துள்ளி நின்றது. பாதத்தின் ஓட்டையும் தரையின் ஓட்டையும் ஒன்றன்மேல் ஒன்று இல்லை.

"இப்ப முன்னால எடுங்க சேகர்."

வண்டி மேடு ஏறிச் சமதரைக்கு வந்தது. ஓட்டைகள் திரும்பவும் நேருக்கு நேர் வந்து உட்கார்ந்தன.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பஸ்ஸில் தரையும் சுவரும் ஒரே இரும்பு எலும்புக்கூடு, சேர்ந்தே அசையும். இந்தப் பெட்டி அப்படியில்லை. ஒரு சக்கரம் மேடேறினால் அடிச்சட்டம் முறுக்கிக்கொள்ளும், தரை அதோடு போகும், சுவர் பின்னால் தங்கிவிடும். தரையையும் சுவரையும் என் மேஜை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. நான் எவ்வளவு இறுக்குகிறேனோ அவ்வளவு சீக்கிரம் உடையும். நான் பார்த்துச் சிரித்த அந்தக் கடகட மேஜைகள் ஒன்றுகூட இதுவரை உடைந்ததில்லை. பக்கத்தில் இருப்பது ஏன் உடையவில்லை என்று மேடம் பார்க்கச் சொன்னாரே, ஒரு தடவையாவது பார்த்திருக்கலாம்.

ஷெட்டுக்கு வந்ததும் மேடம் பழுதுப் புத்தகத்தைத் திறந்து வைத்தார். பக்கத்தில் பேனா. சேகரையும் உள்ளே கூப்பிட்டார். நான் வழக்கம்போலப் பழியை வேறு பக்கம் தள்ளிப் பார்த்தேன்.

"சேசிஸ் முறுக்கு மேடம். அப்படியே எழுதிடலாம்."

"ஹௌதா?"

"அந்தப் பங்க் வாசலும் சரியில்லை."

"ஹௌதா?"

"மினி லாரி சேசிஸ்ல கேரவன் கட்டச் சொன்னது முதலாளிதான்..."

இந்த முறை ஹௌதாகூட வரவில்லை. சும்மா என் முகத்தைப் பார்த்தார். நான் பேனாவை எடுத்தேன். மூன்று இடத்திலும் "டிரைவர்" என்பதை அடித்துவிட்டு "ஃபிட்டர் தனபால்" என்று எழுதினேன். முதலாளிக்கு இந்த நகலும் போகும், இந்த முறை வேலை போகிறவன் நானாகவும் இருக்கலாம்.

சேகர் எட்டிப் பார்த்தான். அடித்த வார்த்தையும் எழுதின வார்த்தையும் ஒரே கையெழுத்து என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மாமா என்று கூப்பிடுகிறவன் வாயில் அந்த சார் செருப்பால் அடித்தது போல இருந்தது. வீட்டில் கனகாவுக்கும் விஷயம் போய்விட்டது. நாலு நாள் எனக்கு ரசம் மட்டும்தான். அதில் உப்பும் இல்லை.

முதலாளியிடம் மேடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. சேகரின் வேலை தப்பியது, என்னையும் அனுப்பவில்லை. தண்டனையை மேடமே கொடுத்தார். மேஜையை மாற்றி அமைத்துவிட்டு, மூணாம் நம்பரின் அடுத்த டூர் முழுக்க நான் அந்த மேஜையருகிலேயே உட்கார்ந்து போய்வர வேண்டும்.

சுவர்ப் பக்கம் போல்ட்டைப் பிடுங்கிவிட்டுக் கொக்கி வைத்தேன். காலுக்குத் தரையில் ரப்பர் கிண்ணம். வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டுமென்றே ஒரு ஆடுகிற மேஜை செய்தேன். பழைய ஃபோர்மேன் பார்த்திருந்தால் உதைத்தே கொன்றிருப்பார்.

சக்லேஷ்புரா போகிற ஒரு குடும்பம். புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், அழைக்காத கல்யாணத்துக்கு வந்த தாய்மாமன் மாதிரி நடுவில் நான். கம்பெனியிலிருந்து மேஜையைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறேன் என்றதற்கு அந்த அம்மா ரொம்ப நேரம் மேஜையையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முன்னால் சேகர் என்னோடு பேசவேயில்லை. டீ வாங்கினால் "சார், டீ" என்று வைத்துவிட்டுப் போவான்.

மலைப்பாதையில் அருவி ஒன்று வந்தது. புருஷன் ஜன்னலில் படம் எடுப்பதற்காக மேஜை மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றி முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்ந்தார். மேஜை கடகடவென்றது. நான் துள்ளி எழுந்து, "சார், சாயாதீங்க சார்!" என்று அலறிவிட்டேன். பிள்ளைகள் பயந்துபோனார்கள். முன்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். சேகர் ரோட்டை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னான்:

"விடுங்க மாமா. உடைஞ்சா என் பேரை எழுதிக்கலாம்."

மாமா. ஒரு வாரத்துக்கு அப்புறம். அருவியைப் பார்க்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மேஜை உடையவில்லை. அதற்கப்புறமும் உடையவில்லை. திரும்பி வருகிற குடும்பங்கள் மட்டும், "எல்லாம் நல்லாருக்கு, மேஜைதான் கொஞ்சம் ஆடுது" என்று சொல்லும். "ஹௌதா?" என்பேன்.

நிச்சயதார்த்தம் நல்லபடியாக நடந்தது, சினிமாக்காரர் யாரும் வரவில்லை. பெண்ணின் அப்பா கடைசிவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஓய்வு பெற்ற அன்று மேடம் மாலை போட்டார், ஷில்பா கேக் வெட்டவைத்தாள். வீட்டுக்கு மூணாம் நம்பரிலேயே கொண்டுபோய் விடச் சொன்னார் மேடம். புது வேட்டியில் நான் மேஜையருகே உட்கார்ந்தேன், எதிரில் கனகா. சேகர் ஏறுமுன் உள்ளே வந்து, ஒரு எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி என் முன்னால் மேஜையில் வைத்தான். "குடிங்க மாமா, வெயிலு" என்றான்.

ஓசூர் ரோட்டையும் மெஜஸ்டிக்கையும் தாண்டி ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டுவந்தான். எனக்குப் பெருமையாக இருந்தது, குடிக்கக்கூட மனம் வரவில்லை. ஸ்ரீராம்புரம் நெருங்கியதும் ஒரு ஹம்ப். என் ஸ்கூட்டரை ஓட்டுவானே, அப்படி ஓட்டினான். டம்ளர் துள்ளி என் மடியில் வந்து விழுந்தது. புது வேட்டி முழுக்கத் தண்ணீர். கனகா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"என்னடா இது?"

"தானா கொட்டிடுச்சு மாமா."

"ஹௌதா?" என்று கேட்டுவிட்டு நானும் சும்மா இருந்து பார்த்தேன். மேடத்தின் வித்தை என் கையிலும் வேலை செய்தது. ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை அவனுக்கு.

"நீங்க மூணு தடவை எழுதினீங்க மாமா. நான் ஒரு தடவைதான் கொட்டியிருக்கேன்."

சந்து முனைக்குள் வண்டி போகாது. அதற்கு முன்னால் இன்னும் இரண்டு ஹம்ப் இருந்தன. நான் எழுந்து, வேட்டியைப் பிழிந்துவிட்டு, டம்ளரைத் தொட்டிக் குழாயில் விளிம்பு வரை நிரப்பி, மேஜை மேல் என் பக்கமாகவே வைத்தேன்.